பாடம் நடத்திய அம்மா தலைமை நீதிபதியான கதை உண்மையா? பிரெண்டா ஹேல் பற்றி விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்

வேலந்தாவளம் டீச்சர்:

எல்லாருக்கும் வணக்கம். எங்கள் வீடு செக்போஸ்ட்டுக்குக் கேரளப் பக்கம். மகள் பிளஸ் டூ வரைக்கும் தமிழ் மீடியம், இப்போது சட்டம் கடைசி வருஷம். முடித்ததும் எல்.எல்.எம். சேர்ந்து, சட்டக் கல்லூரியில் பாடம் நடத்தப் போகிறேன் என்கிறாள். என் மாமனாருக்கோ பேத்தி ஜட்ஜாக வேண்டும். "வாத்தியார் வேலைக்குப் போனவள் எந்தக் காலத்தில் ஜட்ஜானாள்? முதலில் கறுப்புக் கோட்டைப் போட்டுக்கொண்டு சித்தூர் கோர்ட்டில் போய் நிற்கச் சொல்" என்று தினமும் காப்பி குடிக்கிற நேரத்தில் ஆரம்பித்துவிடுகிறார். (நம்ம பாலக்காட்டுச் சித்தூர், ஆந்திராச் சித்தூர் இல்லை.)

அவள் பதிலுக்கு ஒரே பெயரைத்தான் சொல்கிறாள்: லேடி ஹேல், இங்கிலாந்து. பதினெட்டு வருஷம் காலேஜில் பாடம் நடத்திய அம்மா, கடைசியில் அந்த நாட்டு உச்ச நீதிமன்றத் தலைவரானாராம். தாத்தா நம்பவில்லை. நான் தேடிப் பார்த்தால் வருவதெல்லாம் சட்டையில் சிலந்தி ப்ரூச் குத்திய போட்டோதான்.

நான் கேட்பது: இந்தக் கதை உண்மையா? அந்தச் சிலந்தியைத் தவிர அவர் என்ன செய்தார்? நம்ம நாட்டில் அந்த மாதிரி வழி உண்டா?

டூட்டிங்வாசி:

டீச்சர், நான் பொள்ளாச்சி, கட்டினது கொழிஞ்சாம்பாறை, இருப்பது லண்டன். சிலந்திக் கதையை நான் சொல்லிவிடுகிறேன், மீதியை வராந்தா சார் வந்து சொல்லுவார்.

2019 ஆகஸ்டில் பிரதமர் போரிஸ் ஜான்சன், ராணியிடம் ஆலோசனை சொல்லி நாடாளுமன்றக் கூட்டத்தொடரை ஐந்து வாரம் முடித்து வைத்தார். பிரெக்ஸிட்டுக்கு, அதாவது ஐரோப்பிய யூனியனை விட்டு வெளியேற, அக்டோபர் 31 கெடு. அந்த நெருக்கடியில் நாடாளுமன்றம் பூட்டிக் கிடந்தால் யார் கேள்வி கேட்பது? லண்டன் ஹைகோர்ட், இது அரசியல், எங்கள் வேலை இல்லை என்றது. ஸ்காட்லாந்து மேல்முறையீட்டு நீதிமன்றம், சட்டவிரோதம் என்றது. இரண்டும் உச்ச நீதிமன்றத்துக்கு வந்தன. பதினொரு நீதிபதிகள் உட்கார்ந்தார்கள், அதற்கு மேல் அங்கே உட்கார முடியாது. செப்டம்பர் 24 காலையில் ஹேல் தீர்ப்பை வாசித்தார். பதினொரு பேரும் ஒரே குரல்: முடித்து வைத்தது சட்டப்படி செல்லாது. மறுநாளே நாடாளுமன்றம் கூடிவிட்டது. நாங்கள் ஆபீஸில் வேலையை விட்டுவிட்டு நேரலையில் பார்த்தோம். பெரிய சிலந்தி ஒன்று தோளுக்குக் கீழே மின்னிக்கொண்டிருந்தது. அந்த வாரமே அது டி-சர்ட்டில் வந்துவிட்டது.

உச்ச நீதிமன்றம் பார்லிமென்ட் சதுக்கத்திலேயே, நாடாளுமன்றத்துக்கு நேர் எதிரே இருக்கிறது. யார் வேண்டுமானாலும் உள்ளே போய் உட்காரலாம். பையை ஸ்கேன் செய்வார்கள், அவ்வளவுதான்.

கோர்ட் வராந்தா:

டீச்சர், நான் வக்கீலும் இல்லை, ஜட்ஜும் இல்லை. பாலக்காடு ஜில்லா கோர்ட்டுகளில் பெஞ்ச் கிளார்க்காக இருந்து ரிட்டையர் ஆனவன். ஜட்ஜுக்குக் கீழே உட்கார்ந்து கேஸ் கட்டை எடுத்துக் கொடுக்கிற, வாய்தா தேதி எழுதுகிற ஆள். இப்போது பொழுதுபோக்கு, வெளிநாட்டுத் தீர்ப்புகளை இறக்கிப் படிப்பது. வீட்டில் சிரிக்கிறார்கள், சிரிக்கட்டும். என் கை வழியாகப் போன தீர்ப்புகளில் பாதி, எழுதின ஜட்ஜுக்கும் அப்பீல் போன வக்கீலுக்கும் மட்டும் புரிகிற மாதிரி இருக்கும். தோற்றவனுக்குத் தான் ஏன் தோற்றோம் என்று தெரியாது. வராந்தாவில் வந்து என்னிடம் கேட்பான். ஹேல் அம்மாவின் தீர்ப்புகள் அப்படி இல்லை. அதனால்தான் அவரைப் பிடித்துக்கொண்டேன்.

கதை உண்மைதான். மாமனாரிடம் தேதியோடு சொல்லுங்கள்.

பிறந்தது 1945 ஜனவரி 31. வளர்ந்தது யார்க்ஷயரில் ரிச்மண்ட் பக்கம் ஒரு கிராமம். அப்பாவும் அம்மாவும் வாத்தியார் வர்க்கம். இவருக்குப் பதின்மூன்று வயதில் அப்பா, அவர் தலைமை ஆசிரியர், திடீரென்று இறந்துபோனார். அம்மா உட்கார்ந்து அழுதுகொண்டிருக்கவில்லை. முன்பு படித்து வைத்திருந்த ஆசிரியர் பயிற்சியைத் தூசி தட்டி எடுத்து, ஊர்ப் பள்ளிக்கூடத்துக்குத் தலைமை ஆசிரியையாகிவிட்டார். மூன்று பெண்களையும் வளர்த்தார். டிகிரியை எடுத்து பீரோவில் வைத்துவிட்டுச் சமையல் செய்கிற பெண்கள் நம்ம பக்கத்திலும் வீட்டுக்கு ஒருவர் உண்டு. அந்தப் பேப்பர் என்றைக்காவது சோறு போடும் என்பதை இந்தப் பெண் பதின்மூன்று வயதில் கண்ணால் பார்த்தது.

அவருக்கு ஆசை சரித்திரத்தில். முக்கியமாகப் பதினேழாம் நூற்றாண்டில் ராஜாவுக்கும் நாடாளுமன்றத்துக்கும் நடந்த சண்டை. ஆனால் பள்ளித் தலைமை ஆசிரியை, உனக்குச் சரித்திரம் அவ்வளவாக வராது என்றார். சட்டம் எடுத்தார். கேம்பிரிட்ஜ் கர்ட்டன் கல்லூரி. வகுப்பில் பெண்கள் விரல்விட்டு எண்ணும் அளவு. 1966-ல் முதல் வகுப்பிலும் முதல் தரம். அதே வருஷம் மான்செஸ்டர் பல்கலைக்கழகத்தில் பாடம் நடத்தப் போய்விட்டார். அங்கே இருந்துகொண்டே, தானாகப் படித்து 1969-ல் பாரிஸ்டர் பரீட்சையில் முதல் இடம். கொஞ்ச காலம் பகுதி நேரமாகக் கோர்ட்டுக்கும் போனார். அப்புறம் விட்டுவிட்டார். பாடம் நடத்துவதையே பிடித்துக்கொண்டார். 1984 வரைக்கும் மான்செஸ்டர். உங்கள் மகள் சொன்ன பதினெட்டு வருஷம் சரியான கணக்கு.

அந்த வருஷங்களில் என்ன பாடம், என்ன எழுத்து என்று பாருங்கள். குடும்பச் சட்டம், மனநலச் சட்டம். பெரிய வக்கீல்கள் எட்டிப் பார்க்காத பகுதி. கம்பெனிச் சட்டத்தில் காசு, குடும்பச் சட்டத்தில் கண்ணீர் என்று எங்கள் சிரஸ்தார் (கோர்ட் தலைமை எழுத்தர்) ஒருவர் சொல்லுவார். அந்தக் கண்ணீர்ப் பகுதியில் புத்தகம் எழுதிக்கொண்டிருந்தவரை 1984-ல் லா கமிஷனுக்கு, அதாவது சட்டங்களைத் திருத்த யோசனை சொல்கிற அமைப்புக்கு, எடுத்தார்கள். அதில் உட்கார்ந்த முதல் பெண் அவர்தான்.

எனக்குக் கேட்டால், அவர் வாழ்க்கையில் பெரிய நாள் 2019 செப்டம்பர் இல்லை. 1989-ல் வந்த சில்ட்ரன் ஆக்ட்தான். லா கமிஷனில் அதற்கு அடித்தளம் போட்டவர்களில் முக்கியமானவர் ஹேல். அதற்கு முன்னால் விவாகரத்துக் கேஸில் பிள்ளை யாருக்கு என்று ஒருவருக்கு எழுதிக் கொடுப்பார்கள், மற்றவருக்குப் பார்க்கிற உரிமை. சொத்துப் பாகப் பிரிவினை மாதிரி. இந்தச் சட்டம் அந்தப் பேச்சையே மாற்றியது. அப்பா அம்மாவுக்குப் பிள்ளை மேல் இருப்பது பொறுப்பு என்றது. பிரிந்தாலும் அது இரண்டு பேரையும் விட்டுப் போகாது. பிள்ளை யாரோடு தங்கும், மற்றவரை எப்போது பார்க்கும் என்பதை மட்டும் தேவைப்பட்டால் கோர்ட் சொல்லும். பிள்ளையின் நலம்தான் எல்லாவற்றுக்கும் மேல். அதைப் பார்க்க ஒரு பட்டியலே சட்டத்தில் இருக்கிறது. பட்டியலில் முதலில் நிற்பது, பிள்ளையின் விருப்பமும் மனநிலையும், வயதுக்கும் புரிதலுக்கும் ஏற்ப. இன்னொன்று, எனக்கு மிகவும் பிடித்தது: கேஸ் இழுத்தடித்தால் அதுவே பிள்ளைக்குக் கெடுதல் என்று சட்டமே எழுதி வைத்திருக்கிறது.

இதை ஏன் இவ்வளவு நீட்டுகிறேன் என்றால், நான் அந்த வராந்தாவில் நின்றவன். இரண்டாம் சனிக்கிழமை என்று உத்தரவு இருக்கும். அம்மா ஒரு தூணுக்குப் பக்கத்தில், அப்பா இன்னொரு தூணுக்குப் பக்கத்தில். நடுவில் பிள்ளை. ஒரு பையன், ஏழு எட்டு வயது இருக்கும், வந்ததும் நேராக என் மேஜைக்கு வந்து நோட்டீஸ் போர்டுக்கு மேலே இருக்கிற கடிகாரத்தைக் காட்டி, பெரிய முள் எங்கே வந்தால் முடியும் என்று கேட்பான். பன்னிரண்டில் என்று சொல்லுவேன். அப்புறம் அப்பாவோடு பெஞ்சில் உட்கார்ந்து அப்பா வாங்கி வந்த பப்ஸைத் தின்றுகொண்டே கடிகாரத்தைப் பார்ப்பான். சீக்கிரம் முடிய வேண்டும் என்று பார்க்கிறானா, முடிந்துவிடுமே என்று பார்க்கிறானா, கேஸ் கட்டில் எங்கேயும் எழுதியிருக்காது. எதிர்மனுவில் இரண்டு பக்கமும் பிள்ளைக்காக ஏராளமாக எழுதியிருப்பார்கள். பிள்ளை சொன்னது என்று ஒரு வரி தேடினாலும் கிடைக்காது. ஜட்ஜ் சேம்பருக்குக் கூப்பிட்டுப் பேசுவதும் உண்டு, எல்லாரும் பேசுவதில்லை.

நம்மிடமும் 1890-ம் வருஷச் சட்டத்திலிருந்தே மைனரின் நலம் என்ற வார்த்தை இருக்கிறது. இல்லை என்று சொல்லவில்லை. வார்த்தையைச் சட்டத்தில் வைப்பது வேறு, கோர்ட் அதைப் பார்த்தே ஆக வேண்டும் என்று பட்டியல் போட்டு ஜட்ஜின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போவது வேறு. அந்த இரண்டாவது வேலையைச் செய்தவர் பாடம் நடத்திக்கொண்டிருந்த ஒருவர். கோர்ட்டில் ஜெயித்துக்கொண்டிருந்த வக்கீலுக்கு அதற்கு நேரம் இருந்திருக்காது.

மீதியைச் சுருக்கமாகச் சொல்கிறேன். 1994-ல் ஹைகோர்ட் குடும்பப் பிரிவு நீதிபதி. வக்கீல் தொழிலைப் பிழைப்பாக வைத்துக்கொள்ளாமல் அந்த இடத்துக்கு வந்த முதல் ஆள். 1999-ல் அப்பீல் கோர்ட். 2004-ல் பிரபுக்கள் சபையில் லா லார்டு, அதாவது அப்போதைய மேல் கோர்ட் நீதிபதி, பெண்களில் முதல்வர். 2009-ல் பிரபுக்கள் சபையிலிருந்து அந்த வேலையைப் பிரித்து உச்ச நீதிமன்றம் தொடங்கியபோது அதில் ஒருவர். 2013-ல் துணைத் தலைவர். 2017-ல் தலைவர். இரண்டாவது பெண் நீதிபதி அங்கே வந்ததும் 2017-ல்தான், லேடி பிளாக். பதின்மூன்று வருஷம் அந்த மேஜையில் ஒற்றைப் பெண்.

சாப்பாட்டுக்குக் கூப்பிடுகிறார்கள். தீர்ப்புகளைப் பற்றி அப்புறம் எழுதுகிறேன்.

மங்கரைக்காரன்:

வராந்தா சார் வருவதற்குள் ஒரு கிளைக்கதை. இங்கிலீஷ் நீதிபதி என்றதும் நம்ம ஊர்க்காரர் சங்கரன் நாயர் ஞாபகம் வருகிறது. மெட்ராஸ் ஹைகோர்ட் நீதிபதி, அப்புறம் வைஸ்ராய் கவுன்சிலில் உறுப்பினர், ஜாலியன்வாலா பாக் பிறகு 1919-ல் ராஜினாமா. பஞ்சாபில் நடந்ததற்கு அப்போது அங்கே லெப்டினன்ட் கவர்னராக இருந்த ஓ'டயர்தான் பொறுப்பு என்று புத்தகத்தில் எழுதினார் என்று அவர் மேல் லண்டனில் மானநஷ்ட வழக்கு. 1924-ல் நீதிபதி மெக்கார்டி முன்னால் நடந்தது. மெக்கார்டி எந்தப் பக்கம் சாய்ந்திருந்தார் என்பதை மறைக்கவே இல்லை. ஜூரியில் பதினொரு பேர் ஓ'டயர் பக்கம், ஒருவர் மட்டும் மாட்டேன் என்றார். அவர் ஹெரால்ட் லாஸ்கி, லண்டனில் அரசியல் பாடம் நடத்தியவர். வாத்தியார்! டீச்சர், இதையும் மாமனாரிடம் சொல்லுங்கள்.

பாலக்காடு வக்கீல்:

மங்கரைக்காரரே, தனி இழை திறங்கள், அதில் பேசலாம்.

டீச்சரின் மூன்றாவது கேள்விக்கு நான் பதில் சொல்கிறேன். மகளுக்குக் கசப்பாக இருக்கும். இந்தியாவில் ஹேல் போன வழி கிட்டத்தட்ட இல்லை.

ஹைகோர்ட் நீதிபதியாக அரசியல் சட்டம் 217-ம் பிரிவு: பத்து வருஷம் நீதித்துறைப் பதவி, அல்லது பத்து வருஷம் ஹைகோர்ட் வக்கீல். சட்ட அறிஞர் என்ற மூன்றாவது கதவு அங்கே கிடையாது. நெருக்கடி நிலைக் காலத்தில் 42-வது திருத்தத்தில் வைத்தார்கள், 44-வது திருத்தத்தில் எடுத்துவிட்டார்கள். உச்ச நீதிமன்றத்துக்கு 124-ம் பிரிவில் அந்தக் கதவு இருக்கிறது, சிறந்த சட்ட அறிஞர் என்று. அரசியல் சட்டம் வந்த நாள் முதல் ஒருவரைக்கூட அந்த வழியில் எடுத்ததில்லை. நேரடி ஜில்லா ஜட்ஜ் பரீட்சைக்கு ஏழு வருஷம் வக்கீல் தொழில், அல்லது வக்கீல் தொழிலும் கீழ் கோர்ட் நீதிபதி வேலையும் சேர்த்து ஏழு வருஷம் வேண்டும். முன்சீப் (கீழ் கோர்ட் நீதிபதி) பரீட்சைக்கு மூன்று வருஷ வக்கீல் தொழில் அனுபவம் வேண்டும் என்று 2025 மே மாதம் உச்ச நீதிமன்றம் மறுபடியும் சொல்லிவிட்டது. முழு நேரக் கல்லூரி வேலை இந்தக் கணக்கில் வராது.

ஆனால் ஒரு இடுக்கு உண்டு. வக்கீலாகப் பதிவு செய்தவர் முழு நேரச் சம்பள வேலைக்குப் போகக் கூடாது, ஆனால் சட்டம் பாடம் நடத்தலாம், ஒரு நாளைக்கு மூன்று மணி நேரத்துக்கு மேல் போகாமல். பார் கவுன்சில் இதற்கென்றே விதி போட்டிருக்கிறது. மாலைக் கல்லூரி, கெஸ்ட் லெக்சரர் என்று என்னோடு இருக்கிற இரண்டு மூன்று பேர் அப்படிச் செய்கிறார்கள். காலையில் கோர்ட், மதியத்துக்கு மேல் கல்லூரி. மாமனாருக்கும் மகளுக்கும் நடுவில் அதுதான் பாலம். முதலில் என்ரோல் செய்துவிட்டு அப்புறம் மற்றதை யோசிக்கச் சொல்லுங்கள்.

வேலந்தாவளம் டீச்சர்:

வக்கீல் சார், இதைத்தான் யாராவது சொல்ல மாட்டார்களா என்று இருந்தேன். மூன்று மணி நேரம் என்ற விஷயம் எங்கள் யாருக்கும் தெரியாது. மகள் இப்போதே பார் கவுன்சில் விதியைத் தேடிக்கொண்டிருக்கிறாள்.

மாமனார் ஒரு கேள்வி கேட்கச் சொன்னார், அவர் வார்த்தையிலேயே எழுதுகிறேன்: "வெள்ளைக்காரி முதல் பெண் என்கிறீர்களே, நம்ம அன்னா சாண்டி அப்போது எங்கே இருந்தார்?"

கோர்ட் வராந்தா:

அய்யா கேட்டது நல்ல கேள்வி. அன்னா சாண்டி 1937-லேயே திருவிதாங்கூரில் முன்சீப். திவான் சர் சி.பி. ராமசாமி ஐயர் காலத்து நியமனம். 1948-ல் ஜில்லா ஜட்ஜ். 1959-ல் கேரள ஹைகோர்ட். இங்கிலாந்தில் ஹைகோர்ட்டுக்கு முதல் பெண், எலிசபெத் லேன், 1965-ல்தான் வந்தார். ஆறு வருஷம் நாம் முந்தி. நாட்டின் மேல் கோர்ட்டிலும் அப்படியே. பத்தனம்திட்டா பாத்திமா பீவி 1989-ல், ஹேல் 2004-ல். பாத்திமா பீவி பிறகு தமிழ்நாட்டு ஆளுநராகவும் இருந்தார், அய்யாவுக்கு ஞாபகம் இருக்கும். ஆனால் அவர்கள் தலைவர் நாற்காலியில் ஒரு பெண்ணை 2017-ல் உட்கார வைத்தார்கள். அந்த இடத்தில் நாம் பின்தங்கிவிட்டோம்.

சரி, தீர்ப்புகளுக்கு வருகிறேன். மகள் படிக்க ஆரம்பிக்கிறாள் என்றால் இரண்டு போதும்.

முதலாவது, 2011 ஜனவரி, லண்டன் ஹவுன்ஸ்லோ கவுன்சில் (நம்ம முனிசிபாலிட்டி மாதிரி) வழக்கு. ஒரு பெண் இரண்டு பிள்ளைகளோடு வீட்டை விட்டு வந்து, தங்க இடம் கேட்கிறார். புருஷன் அடிக்கவில்லை. பிள்ளைகள் முன்னால் கத்துவான், வீட்டுச் செலவுக்குக் காசு தர மாட்டான், பிள்ளைகளைப் பிடுங்கிக்கொள்வானோ என்ற பயம். கவுன்சில் கேட்டது, அடித்தானா? இல்லை. அப்படியானால் நீங்கள் வீட்டுக்கே திரும்பிப் போகலாம். வீட்டுவசதிச் சட்டத்தில் வன்முறை என்று இருப்பது அடி உதை மட்டும்தானா என்பதுதான் வழக்கு. இல்லை, மிரட்டலும் மனதை நொறுக்குகிற நடத்தையும் அதில் அடங்கும் என்று ஹேல் எழுதினார். ஐந்து பேரில் ஒரு நீதிபதி, லார்டு பிரவுன், இது சட்டத்தை அளவுக்கு மீறி நீட்டுவதாகச் சந்தேகப்பட்டார். அதையும் படிக்கச் சொல்லுங்கள், அவர் சொன்னதிலும் ஞாயம் இருக்கிறது.

இதில் நாம் பெருமைப்பட ஒன்று உண்டு. நம்ம 2005 குடும்ப வன்முறைச் சட்டம் மூன்றாம் பிரிவிலேயே, வாய்வார்த்தை, மனது, காசு எல்லாவற்றையும் வன்முறை என்று எழுதிவிட்டது. அவர்கள் கோர்ட்டில் ஆறு வருஷம் கழித்து வாதாடி வாங்கியது நம்மிடம் அச்சிலேயே இருந்தது. ஆனால் எங்கள் பக்கம் ஒரு மாஜிஸ்திரேட் கோர்ட்டில் மனு கொடுக்க வந்த ஒரு அம்மாவிடம் முதல் கேள்வி என்ன வந்தது தெரியுமா? காயச் சர்டிபிகேட் இருக்கா? அந்த அம்மா ரேஷன் கார்டை எடுத்துக் காட்டினார். பெயர் வெட்டப்பட்டிருந்தது. அதுதான் அவருடைய காயம்.

இரண்டாவது, 2014 மார்ச், செஷயர் வெஸ்ட் வழக்கு. மனவளர்ச்சி குறைந்த இரண்டு சகோதரிகள், ஒருவர் வளர்ப்புத் தாய் வீட்டில், ஒருவர் சின்ன விடுதியில். இன்னொரு வழக்கில் ஒரு ஆண், டவுன் சிண்ட்ரோம் உள்ளவர். மூவரையும் நன்றாகத்தான் பார்த்துக்கொள்கிறார்கள், அவர்களும் முனகவில்லை. ஆனால் நாள் முழுக்கக் கண்காணிப்பு, தானாக வெளியே போக முடியாது. இது சுதந்திரப் பறிப்பா? நல்ல இடம்தானே, சந்தோஷமாகத்தானே இருக்கிறார்கள் என்று கீழ்க் கோர்ட் சொன்னது. ஹேல் ஒரே வரியில் எழுதினார்: பொன்முலாம் பூசிய கூண்டும் கூண்டுதான். சகோதரிகள் விஷயத்தில் நாலுக்கு மூன்று என்ற கணக்கில் அது தீர்ப்பானது. அதற்காக அவர்களைக் கூட்டிக்கொண்டு போய்த் தெருவில் விடச் சொல்லவில்லை. யாரோ ஒரு வெளி ஆள் அவ்வப்போது வந்து, இந்த ஏற்பாடு இன்னும் சரிதானா என்று பார்க்க வேண்டும், அவ்வளவுதான். கவுன்சில்களுக்கு வேலை மலைபோல் குவிந்தது, இன்றைக்கும் திட்டுகிறார்கள். எனக்கு இது சரியாகப் படுகிறது. நம்ம ஊரில் சொத்துள்ள வீடுகளில் பின்கட்டு அறையில் ஒரு சித்தப்பாவோ அத்தையோ இருப்பார்கள். மூன்று வேளை சாப்பாடு வந்துவிடும். உள்ளே எட்டிப் பார்க்க வெளியாள் யாரும் கிடையாது.

தோற்ற இடத்தையும் சொல்ல வேண்டும். 2010-ல் ராட்மாக்கர் வழக்கு, கல்யாணத்துக்கு முன்னால் எழுதிக்கொள்கிற சொத்து ஒப்பந்தம். ஒன்பது நீதிபதிகள். எட்டு ஆண்கள், அந்த ஒப்பந்தத்துக்கு நல்ல மதிப்புக் கொடுக்கலாம் என்றார்கள். ஹேல் தனியாக மறுத்தார். இந்த மாதிரி ஒப்பந்தத்தில் பெரும்பாலும் நஷ்டப்படுவது மனைவி, அதை எட்டு ஆண்களும் ஒரு பெண்ணும் இருக்கிற கோர்ட் முடிவு செய்வது பொருத்தமா என்று தீர்ப்பிலேயே எழுதி வைத்தார். அந்த வழக்கில் காசு இருந்தது மனைவியிடம், கேட்டு வந்தது புருஷன். அதனால் அவர் சொன்னது சும்மா பெண் பக்கம் பேசியது என்று ஒதுக்க முடியாது.

குனியமுத்தூர் குசும்பன்:

எல்லாரும் ஆரத்தி எடுக்கிறீர்கள், ஒருவராவது எதிர்த்துப் பேச வேண்டாமா? நாடாளுமன்றத்தை எப்போது கூட்டுவது, முடிப்பது என்பது அரசியல் முடிவு. லண்டன் ஹைகோர்ட்டில் லார்டு சீஃப் ஜஸ்டிஸ் உட்பட மூன்று பெரிய நீதிபதிகள் அப்படித்தான் சொன்னார்கள். ஓட்டு வாங்காத பதினொரு பேர் அதைத் தூக்கிப் போட்டால் அது என்ன ஜனநாயகம்? முற்போக்குக் கட்சிக்காரர்களுக்குப் பிடித்த ஜட்ஜ், அவ்வளவுதான்.

கோர்ட் வராந்தா:

தம்பி, மூன்று பெரிய நீதிபதிகள் என்பது உண்மை. அதனால்தான் பதினொரு பேரும் ஒன்றாக நின்றது முக்கியம். ஆறுக்கு ஐந்து என்று வந்திருந்தால் நீங்கள் சொல்வதற்கு எடை கூடியிருக்கும்.

பிரதமர் மனதில் என்ன இருந்தது என்று அந்தத் தீர்ப்பு கேட்கவே இல்லை. கெட்ட எண்ணம் என்று ஒரு வார்த்தை கிடையாது. இப்படி ஐந்து வாரம் மூடினால் நாடாளுமன்றம் தன் வேலையைச் செய்ய முடியாமல் போகிறது, அதற்கு ஞாயமான காரணம் ஒன்றுமே கோர்ட் முன்னால் வைக்கப்படவில்லை, ஆகவே செல்லாது. பிரெக்ஸிட் நல்லதா கெட்டதா என்பதற்குள் போகவில்லை. ஹேல் ஆதாரத்துக்கு எடுத்தது 1611-ம் வருஷ வழக்கு, ராஜாவுக்குச் சட்டம் கொடுக்காத அதிகாரம் கிடையாது என்று. பள்ளிக்கூடத்தில் அவருக்குப் பிடித்த அதே பதினேழாம் நூற்றாண்டு. அப்புறம் என்ன நடந்தது? டிசம்பரில் தேர்தல், ஜான்சன் பெரிய மெஜாரிட்டியில் ஜெயித்தார். 2020 ஜனவரி 31-ல் பிரெக்ஸிட் நடந்தே விட்டது. அன்றைக்கு ஹேலுக்கு எழுபத்தைந்தாவது பிறந்தநாள்! அதற்குக் கொஞ்ச நாள் முன்னால்தான் ரிட்டையர் ஆகியிருந்தார். கோர்ட் யாருடைய வெற்றியையும் தடுக்கவில்லை, சபையைத் திறந்து வைத்துப் பேசிவிட்டுச் செய் என்றது.

முற்போக்கு என்றீர்கள். 2018 அக்டோபரில் வட அயர்லாந்து பேக்கரி வழக்கைப் பாருங்கள். ஒரே பாலினத் திருமணத்தை ஆதரிக்கும் வாசகம் எழுதிய கேக் செய்ய மாட்டோம் என்று கடைக்காரர்கள் மறுத்தார்கள், மத நம்பிக்கை. கீழ்க் கோர்ட்டுகள் கடைக்காரர்களுக்கு எதிராகச் சொல்லின. உச்ச நீதிமன்றம் ஐந்து பேரும் கடைக்காரர்கள் பக்கம் தீர்த்தார்கள். எழுதியது ஹேல். கேட்டவர் யார் என்பதற்காக மறுத்திருந்தால் தப்பு, ஆனால் தான் நம்பாத ஒரு கருத்தை எழுதச் சொல்லி யாரையும் கட்டாயப்படுத்த முடியாது என்றார். உங்கள் கட்சிக்காரர்கள் அன்றைக்குக் கைதட்டினார்கள், மறந்துவிட்டது.

குனியமுத்தூர் குசும்பன்:

கேக் கேஸ் எனக்குத் தெரியாது சார், படிக்கிறேன். ஆனாலும் அந்த மூன்று பேர் சொன்னதுதான் சரி என்பது என் கட்சி.

கோர்ட் வராந்தா:

இருக்கட்டும், அப்பீலுக்குக் காலக்கெடு கிடையாது.

டீச்சர், மகளுக்கு ஒரு யோசனை. ஹவுன்ஸ்லோ தீர்ப்பை முதலில் எடுக்கச் சொல்லுங்கள். உச்ச நீதிமன்ற இணையதளத்திலேயே இருக்கிறது, பணம் கட்ட வேண்டாம். கூடவே இரண்டு பக்கத்தில் செய்தியாளர்களுக்கான சுருக்கமும் போட்டிருப்பார்கள். சுருக்கத்தைப் படிக்காமல் முழுத் தீர்ப்பைப் படித்துவிட்டு, தானே தமிழில் ஒரு பக்கச் சுருக்கம் எழுதட்டும். எழுதி முடித்ததும் அய்யாவிடம் வாசித்துக் காட்டட்டும். அவருக்குப் புரியவில்லை என்றால் மறுபடி எழுதட்டும். கோர்ட்டில் நின்றாலும் வகுப்பில் நின்றாலும் அந்தப் பழக்கம் வேண்டும்.

வேலந்தாவளம் டீச்சர்:

சார், மாமனார் பக்கத்தில்தான் உட்கார்ந்திருக்கிறார். ரேஷன் கார்டு கதையை இரண்டு தடவை வாசிக்கச் சொன்னார். பேத்தி எழுதிக் கொண்டு வரட்டும், நான் கேள்வி கேட்பேன் என்கிறார். என்ரோல்மென்ட் பீஸ் எவ்வளவு என்று வக்கீல் சாரைக் கேட்கவும் சொன்னார்.

பாலக்காடு வக்கீல்:

பொதுப் பிரிவுக்கு வக்கீல் சட்டத்தில் எழுதியிருப்பது 750 ரூபாய், எஸ்.சி., எஸ்.டி. என்றால் 125. அதற்கு மேல் பதிவுக் கட்டணம் வாங்கக் கூடாது என்று 2024 ஜூலையில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. ஸ்டாம்ப் செலவு, ஆல் இந்தியா பார் பரீட்சைக் கட்டணம் எல்லாம் தனி. எர்ணாகுளத்தில்தான் பார் கவுன்சில் ஆபீஸ். ஒரிஜினல் சர்டிபிகேட் எல்லாவற்றையும் கையில் எடுத்துக்கொண்டு காலை வண்டியிலேயே போகச் சொல்லுங்கள்.